வீட்டுச் சாவி வேறு, அறைச் சாவி வேறு

காரைக்குடியில் ஓர் ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்கு போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஸ்டாக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் டேட்டாபேஸை, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் கணக்கிலிருந்தே உருவாக்கிவிட்டேன். அப்ளிகேஷன் யூசர் முதல் டேபிளைப் போடப் போனதுமே 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று நின்றது. ஸ்கீமா என்பது டேட்டாபேஸுக்குள் டேபிள்களை வைக்கும் ஓர் அறை மாதிரி; 'பப்ளிக்' தானாகவே வரும் ஸ்கீமா.

2022-இல் வந்த போஸ்ட்கிரஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து, புதிய டேட்டாபேஸின் பப்ளிக் ஸ்கீமாவில் கண்டவரும் டேபிள் போட முடியாது; டேட்டாபேஸின் ஓனர் போடலாம். சரி என்று அந்த யூசருக்கு 'கிரான்ட் ஆல் ஆன் டேட்டாபேஸ்' கொடுத்தேன், பலிக்கவில்லை. அந்த உரிமை ஸ்கீமாவுக்குள் இறங்காது. செட்டிநாட்டில் பல குடும்பங்கள் பங்கிடும் நம் வளவு வீடு மாதிரிதான்: முகப்புக் கதவு திறந்தாலும் ஒவ்வொரு புள்ளியின் (மணமான தம்பதியின்) அறைக்கும் தனிப் பூட்டு.

'கிரியேட் டேட்டாபேஸ்' எழுதும்போதே 'ஓனர்' என்று அப்ளிகேஷன் யூசரின் (போஸ்ட்கிரஸ் பேச்சில் 'ரோல்') பெயரைச் சேருங்கள். தனி ஸ்கீமா என்றால் 'கிரியேட் ஸ்கீமா'வோடு 'ஆதரைசேஷன்' என்று அந்த ரோலின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ரிப்போர்ட் மட்டும் பார்க்கும் கணக்குப்பிள்ளைக்கு ஸ்கீமாவுக்குள் நுழைய 'யூசேஜ்', டேபிள்களைப் படிக்க 'செலக்ட்' இரண்டும் வேண்டும். நாளை வரும் டேபிள்களுக்கு 'ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ்' உண்டு. ஆனால் அதில் 'ஃபார் ரோல்' என்று, டேபிளை உருவாக்கப்போகும் ரோலைக் குறிப்பிடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் நான் ஒரு மத்தியானம் முழுக்க முழித்தேன்.