வீட்டுத் திட்டம் எப்போது ஊராகும்? எல்லை, சங்கம், சபை: நாங்கள் செய்த வழி

தேயிலைத் தோட்டத் தொழிலாளரான எங்களுக்குப் புது வீட்டுச் சாவி கொடுத்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பாலும் பொங்கியது. மறுநாள் காலையில் குப்பையை எங்கே போடுவது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் கேட்டோம்: "அது இப்போ தோட்டம் இல்லையே." பிரதேச சபையில் கேட்டோம்: "அது தோட்டக் காணி ஆச்சே." நுவரெலியா, பதுளைப் பக்கம் லயத்துக் காம்பிராவை (தோட்டத்து வரிசை வீட்டின் அறையை) விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போன எவருக்கும் இந்தப் பந்தாட்டம் புதிதில்லை.

எங்களுடையது 44 வீடு. ஒரு வழியாக இதை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் எட்டு மாதம் ஒரே ஒரு சொல்லால் வீணாகப் போனது. அந்த எட்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். கூட்டம் கூட்டுவது, கடிதம் எழுதுவது எல்லாம் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொண்டே போகிறேன்.

படி 1: எந்த எல்லை என்று முடிவு செய்யுங்கள்

"கிராமத்தைப் பதிவு செய்யும் படிவம்" என்று ஒன்றைத் தேடி நான் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். அப்படி ஒன்று கிடையாது. இலங்கையில் ஒரு ஊர் தனியாகச் சட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. மூன்று வேறு ஆட்கள் அதை மூன்று விதமாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, கிராம அலுவலர் பிரிவு. 1963இல் பழைய விதானை (ஊர்த் தலைவர்) முறை போய் கிராம சேவகர் வந்தார். பதவிப் பெயர் பிறகு மாறினாலும் நாம் இன்னும் ஜி.எஸ். என்றுதான் சொல்கிறோம். நாடு முழுக்க இப்படி 14,022 பிரிவுகள். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, மண்சரிவு வந்தால் நிவாரணம் எல்லாம் இந்த வழி. இது பிரதேச செயலகத்தின் கீழ் வரும்.

இரண்டு, வட்டாரம். இது பிரதேச சபைக்குரியது. சபைக்குப் போடும் வாக்கு, பாதை, தெருவிளக்கு, குப்பை, மயானம் எல்லாம் இங்கே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு என்பது சபைதான். பொது முத்திரை வைத்திருப்பதும், தன் பெயரில் காணி வாங்குவதும், வழக்குப் போடுவதும் சபை. நம் ஊர் அதற்குள் ஒரு துண்டு மட்டுமே.

மூன்று, நாமே அமைக்கும் சங்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரதேச செயலகம், பிரதேச சபை இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரிலேயே பாதிப் பேர். முதலாவது கொழும்பு அரசின் கை, மற்றது நாம் வாக்குப் போட்டு அனுப்புவது. தெருவிளக்குக்குப் பிரதேச செயலாளரிடம் மனுக் கொடுத்தால் அவர் அதைச் சபைக்கு அனுப்புவார், அவ்வளவுதான். ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு சி.ஆர். கொப்பியில் ஊரின் பிரச்சினைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் 1, 2, 3 என்று குறியுங்கள்.

படி 2: வரைபடம் (இங்கேதான் விழுந்தோம்)

எங்கள் 44 குடும்பமும் ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிசனில் இருந்து வந்தவை. மேல் டிவிசன் ஆட்கள் ஒரு ஜி.எஸ். பட்டியலில், கீழ் டிவிசன் ஆட்கள் இன்னொரு ஜி.எஸ். பட்டியலில். புது வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் வதிவிடச் சான்றிதழுக்கு ஒருவர் மேலே ஏற வேண்டும், மற்றவர் கீழே இறங்க வேண்டும்.

எனவே நான் அழகாக ஒரு மனு எழுதினேன்: "கீழ் டிவிசன் மக்களை மேல் டிவிசனுடன் இணைத்துத் தரவும்."

தோட்டத்தில் டிவிசன் என்றால் நமக்கு என்ன அர்த்தம்? ஒரு பெரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்), ஒரு கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), ஒரு பிள்ளைக் காம்பிரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). அலுவலகத்தில் டிவிசன் என்றால் ஜி.எஸ். டிவிசன். மனுவைப் பார்த்தவர், இரண்டு ஜி.எஸ். பிரிவுகளை ஒன்றாக்கக் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். அது பிரதேச செயலாளரோடு முடிகிற காரியம் அல்ல. மாவட்டச் செயலகம், அங்கிருந்து அமைச்சு, கடைசியில் வர்த்தமானி (அரசிதழ்). கோப்பு அந்த வழியில் ஏறிப் போய் அங்கேயே படுத்துவிட்டது. எட்டு மாதம் கழித்து ஒரு எழுதுவினைஞர் அக்காதான் கேட்டார்: "தம்பி, நீங்க சொல்றது எந்த டிவிசன்?"

அவர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். இரண்டு ஜி.எஸ். பிரிவுக்கும் எல்லை எங்கள் வீடுகளுக்குக் கீழே ஓடும் ஓடை. 44 வீடும் ஓடைக்கு மேலே, ஒரே பிரிவுக்குள்தான் இருக்கின்றன! எல்லையை மாற்றவே தேவையில்லை. பழைய லயத்தில் இருந்த பெயர்களைப் பட்டியலில் இருந்து எடுத்து, ஆள் இப்போது இருக்கும் பிரிவில் போட்டால் போதும். வருடாவருடம் ஜி.எஸ். கொண்டுவரும் பி.சி. படிவத்தில் (வாக்காளர் பதிவுப் படிவம்) புது வீட்டைக் காட்டி நிரப்பியதும், அடுத்த இடாப்பில் எல்லாரும் ஒன்றாக வந்துவிட்டோம்.

இதிலிருந்து நான் சொல்வது:

மனுவில் "டிவிசன்" என்ற சொல்லே வேண்டாம். "தோட்டப் பிரிவு" என்றோ "கிராம அலுவலர் பிரிவு, இலக்கம் இன்னது" என்றோ முழுதாக எழுதுங்கள். இலக்கத்துக்குப் பக்கத்தில் ஏ, பி என்று எழுத்து இருந்தால் அதையும் விடாதீர்கள். பழைய பிரிவைப் பிரித்தபோது சேர்த்த எழுத்து அது. அதை விட்டால் பக்கத்துப் பிரிவாகிவிடும்.

பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பகுதியில் பிரிவு வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள், போனில் படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். பிறகு ஊருக்கு வந்து எல்லையைக் காலால் நடந்து பாருங்கள். கூகுள் மேப் இதற்குச் சரிவராது. நம் பக்கம் பாதி இடத்தில் சிக்னல் இல்லை, தேயிலை மலைக்குள் அது பாதையே காட்டாது. நான் வைத்திருப்பது ஓஸ்ம்அண்ட் என்ற வரைபடச் செயலி. முன்னமே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் நடந்த வழியைக் கோடாகப் பதியும். அதை ஏ3 தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனால் பேச்சு பாதியாகக் குறையும்.

எல்லையை எழுதும்போது வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று சுற்றி வாருங்கள். ஓடை, பாதை, மலை முகடு ஆகியவற்றை அடையாளமாக வையுங்கள். "8ஆம் நம்பர் மலை" என்று தேயிலை மலையின் தோட்ட இலக்கத்தை எழுதினால் தோட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் புரியாது. பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), மாமரத்தடி எல்லாம் நம்மோடு இருக்கட்டும்.

படி 3: காணிப் படத்தில் பாதை இருக்கிறதா?

7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. எல்லாரும் தங்கள் துண்டு சரியா என்று மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் நில அளவைப் படத்தில் துண்டுகளுக்கு இடையில் போகும் பாதையைப் பாருங்கள். அது தனித் துண்டாக, அகலத்தோடு, பாதை என்று குறித்திருக்கிறதா? இருந்தால் நாளைக்குச் சபை அதைப் பொறுப்பேற்கக் கேட்கலாம். இல்லாவிட்டால் அது தோட்டத்தின் காணியாகவே இருக்கும். 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போன காணிகள் இவை. அடியில் உரிமை அரசுக்கு, மேலே குத்தகை உரிமை கம்பனிக்கு. நடுவில் நடப்பது நாம். பொது மண்டபம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

புதிதாக இடம் தெரிவு செய்யும் கட்டத்தில் இருப்பவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவு நமக்கு மறக்கிற விஷயமா?

படி 4: சங்கம்

கிராம அபிவிருத்திச் சங்கம் அமைத்துப் பிரதேச செயலகத்தில் பதிந்தோம். யாப்பு, உறுப்பினர் பட்டியல், முதல் கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்கு. மாதிரி யாப்பை அங்கேயே கேட்டு வாங்கலாம். அதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது ஆட்களைப் பற்றி. தோட்டத்தில் தலைவர் என்றாலே தொழிற்சங்கத் தலைவர்தான். மூன்று சங்கம் இருந்தால் மூன்று தலைவர். எங்கள் முதல் கூட்டம் கட்சிக் கூட்டம் மாதிரி ஆகி, தேநீர் வருவதற்கு முன்பே கலைந்தது. இரண்டாவது முறை ஒரு விதி வைத்தோம்: தொழிற்சங்கத்தில் பதவி வகிப்பவர் இங்கே பதவிக்கு வரக்கூடாது, உறுப்பினராக வரலாம். பொருளாளர் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. தராசில் அரைக் கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்பவர். கணக்கு அன்றிலிருந்து சுத்தம். கூட்டத்தைப் போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஞாயிறு டவுனுக்குப் போகிற நாள், ஆள் சேராது.

சங்கம் பதிந்துவிட்டால் அதுவே ஊராட்சி என்று நினைக்காதீர்கள். அதற்கு வரி போட அதிகாரமில்லை, பாதைக்குச் சொந்தக்காரரும் ஆகாது. ஆனால் ஊரின் பெயரில் கேட்க ஒரு வாய் கிடைக்கிறது. தனியாள் கடிதத்துக்கும் முத்திரை குத்திய கடிதத்துக்கும் மரியாதை வேறுதான்.

படி 5: சபையின் கதவு

"தோட்டத்துக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது" என்று யாராவது சொன்னால், அவர் பழைய சட்டத்தைப் பேசுகிறார். பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் கைக்கு எட்டாமல் வைத்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். அதற்கு முன்னாலும் கதை இதுதான். 1930களின் கடைசியில் கிராமச் சபை வாக்குரிமையில் இருந்து தோட்டத் தொழிலாளரை ஒதுக்கினார்கள், 1948இல் குடியுரிமையே போனது. நம் தாத்தாமார் வாக்குப் போட்டுக்கொண்டே இருந்து நாம்தான் சோம்பேறியாகிவிட்டோம் என்பதில்லை.

சரி, இன்றைய நிலைமை: சட்டம் திறந்துவிட்டாலும் எங்களிடம் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்டார்கள். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) நேரே போகாமல், வேலையைக் குறிப்பிட்டு, படத்தைச் சேர்த்து, எழுத்தில் கேளுங்கள். "பாதை திருத்த ஆட்சேபனை இல்லை" என்ற ஒரு வரி போதும். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். துரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று, நாங்கள் அலைந்த காலத்தில் பாதி, சபையில் உறுப்பினரே இல்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடையில் செயலாளர்தான் எல்லாம். இப்போது வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார், அவரைச் சங்கக் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

சபை எல்லையையே மாற்றக் கேட்க நினைப்பவர்களுக்கு: அது நடக்காத காரியம் அல்ல. நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகளை 2018 தேர்தலுக்கு முன் ஆறாக்கினார்கள். கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் நான்கும் புதிதாக வந்தன. ஆனால் அது அமைச்சர் வர்த்தமானியில் போடும் கட்டளை. பல வருட அரசியல் கோரிக்கைக்குப் பிறகு வந்தது. 44 வீட்டுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

படி 6: கடிதமும் பதிலும்

பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் திறந்தால் கோழி கிறுக்கின மாதிரி வரும். யுனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அச்சுப் பிரதியும் கையில் கொண்டுபோங்கள். தமிழில் எழுதுவது நம் உரிமை, விடவேண்டாம். ஆனால் பின்னால் ஒரு சிங்களப் பக்கத்தையும் சேர்த்தால் கோப்பு வேகமாக நகர்கிறது. கொள்கை வேறு, காரியம் வேறு.

பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இன்ன தேதியிட்ட கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் பிரதி" என்று கேளுங்கள். ஏன் என்பதற்கு அவர்களிடம் தாள் இருக்காது, பிரதி இருக்கும். எங்கள் கோப்பு கீழே இறங்கி வந்தது இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

பின்னர் சேர்த்தது

பசறைப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: வீட்டு இலக்கம் யார் தருவது? சபை வரி மதிப்பீடு செய்த பகுதியாக இருந்தால் சபையின் இலக்கம் வரும். நம் இடங்கள் பெரும்பாலும் அதற்குள் வராது. நாங்கள் படத்தில் உள்ள துண்டு இலக்கத்தையே வீட்டு இலக்கமாக்கி, சங்கத்தில் தீர்மானம் போட்டு, ஜி.எஸ்.ஸுக்கும் உபதபால் நிலையத்துக்கும் பட்டியல் கொடுத்தோம். இப்போது கடிதம் தோட்ட ஆபிஸில் தங்காமல் வீட்டுக்கு வருகிறது.

இன்னொரு சிக்கல், பெயர். ஹோலிரூட், ஸ்ட்ராத்ஸ்பே என்று துரைமார் ஊர்ப் பெயர் காகிதத்தில் ஒன்று, நாம் கூப்பிடும் பெயர் வேறு ஒன்று. எதை வைத்தாலும் மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டலை முதலில் தீர்மானத்தில் எழுதிவிட்டு, அப்புறம் பெயர்ப் பலகைக்குக் கொடுங்கள். நாங்கள் தமிழை மட்டும் சரிபார்த்தோம். சிங்களத்தில் ஒரு எழுத்து விடுபட்டு ஊர்ப் பெயரே மாறிவிட்டது. பலகை இன்னும் அப்படியே நிற்கிறது, புதிது அடிக்கச் சங்கத்தில் காசு இல்லை.