எலும்பு முறியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம்

கார் விபத்தில் எலும்பு முறிந்தால்தான் இழப்பீடு என்று நினைத்துப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். கழுத்துச் சுளுக்கு, தசைநார் கிழிவு போன்றவற்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது. அன்று ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குனிந்தால் கழுத்து திரும்பாது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ‘விபத்தில் வந்த வலி’ என்று சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். அதுதான் முக்கியச் சாட்சி. வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், பிசியோதெரபி ரசீது, ஆட்டோ செலவு, சம்பளம் பிடித்த விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வலிக்கும் வேதனைக்கும் தனியே தொகை உண்டு.

வலி தீராமல் எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. மனுவை மட்டும் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம்.