ஏடிவியில் செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

பட்டனை அழுத்தியும் ஏடிவியில் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) செல்ஃப் எடுக்கவில்லை என்றதும், இன்ஜினைச் சுற்றிவிடும் ‘ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு’ என்று முடிவுகட்டிப் புது மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். பேட்டரி, டெர்மினல் (பேட்டரியின் இணைப்பு முனை), எர்த் வயர் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் வயர்), ரிலே (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் சுவிட்ச்) ஆகியவற்றைத் தாண்டித்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் இந்த வழியில்தான் கோளாறு அதிகம்.

சத்தத்தைக் கவனிக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கடகடவென்று ரிலே அடித்துக்கொண்டால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் ரிலேயின் காண்டாக்ட் (உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக் கரண்ட்டைக் கடத்தும் பகுதி), தடித்த வயர்கள், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சத்தமே இல்லையா? ப்யூஸ், கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), நியூட்ரல் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பல ஏடிவிகளில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அந்தச் சிறிய சுவிட்சில் சேறு அடைத்தாலே போதும், வண்டி ஊமையாகிவிடும். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று சுற்றி இன்ஜின் சுற்றவில்லை என்றால் ஒன்-வே கிளட்சையோ (மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) கியரையோ பார்க்க வேண்டும். அதற்குப் பேட்டரி மாற்றுவது வீண்.

அடுத்த தவறு, வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்து ‘12.6 வோல்ட் இருக்கிறதே, பேட்டரி நல்லது’ என்று நம்புவது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட லோடு இல்லாதபோது அந்த அளவைக் காட்டும். மீட்டரைப் பேட்டரியில் வைத்தபடியே பட்டனை அழுத்திப் பாருங்கள். சாதாரண வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் முழு சார்ஜ் ஏற்றுங்கள். அப்படியும் விழுந்தால் பேட்டரிதான் சந்தேகத்துக்குரியது. மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுத்தாலும் இப்படி ஆகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எர்த் வயரை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் எங்கோ துரு அல்லது தளர்ச்சி. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்குங்கள். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவிலும் இதே போல் அளக்கலாம். ‘டக்’ சத்தம் வந்த பிறகும் அங்கே கிட்டத்தட்ட 12 வோல்ட் நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. மோட்டாரைத் தொடவே வேண்டாம், ரிலேயை மாற்றினால் போதும்.

ரிலேயின் அந்த இரண்டு முனைகளையும் சிலர் திருப்புளியால் இணைத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நியூட்ரல், பிரேக் பாதுகாப்பு எதுவும் அப்போது வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் தீப்பொறி பறந்தால் வெடிக்கலாம். ப்யூஸ் போகிறது என்று அதிக ஆம்பியர் ப்யூஸ் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் வயரிங்கையே எரித்துவிடும்.

எடுக்காத வண்டியில் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஐந்து விநாடி, பிறகு கொஞ்சம் ஓய்வு. இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் சூடேறிக் கெடும். கார் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுப்பதானால் கார் இன்ஜின் அணைந்திருக்கட்டும். கடைசி நெகட்டிவ் கிளிப்பை ஏடிவி பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள்.

வண்டி எடுத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். இன்ஜினைக் கொஞ்சம் ரைஸ் செய்து பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஸ்டேட்டரையோ (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்) ரெகுலேட்டரையோ (அதைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் பாகம்) பார்க்க வேண்டும்; புது பேட்டரி போட்டாலும் அடுத்த சவாரியிலேயே அது இறங்கிவிடும்.