சுவரை மறந்த போஸ்டர்கள்: சினிமா போஸ்டர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று போஸ்டர் வடிவமைக்கும் பலர் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில்தான் பார்க்கிறார்கள்: மேசையில் இருக்கும் மானிட்டரில், ஒன்றரை அடி தூரத்தில், அறை வெளிச்சத்தில். அந்தப் போஸ்டரோ பேருந்து நிலையச் சுவரில், பாதி கிழிந்த வேறொரு போஸ்டர் மேல் ஒட்டப்பட்டு, உச்சி வெயிலில் நிற்கப்போகிறது. இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கைப்பேசியில் விரல் நகம் அளவுக்கு வந்து ஒரு நொடியில் மேலே போய்விடும். குறும்படமோ பெரிய நட்சத்திரப் படமோ, போஸ்டர்களில் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள் பெரும்பாலும் இந்த மறதியில் பிறந்தவை. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

தமிழ்ப் போஸ்டரில் முதலில் அடிபடுவது தலைப்பு எழுத்து. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

ஆங்கில எழுத்துருக்களில் பழகிய கை தமிழுக்கும் அதே கணக்கைப் போடுகிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தடிமனை ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கும். தமிழில் ண, ன, ஞ, இ போன்ற எழுத்துகளுக்குள் சுழிகள் இருக்கின்றன. தடிமன் கூடக் கூட அந்தச் சுழிகளின் உள்வெளி அடைபட்டுப் போகும். மானிட்டரில் கம்பீரமாக இருந்த 'ண' சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கருப்புத் திட்டுதான். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று யாருக்கும் தெரியாது. தடித்த எழுத்து வேண்டுமென்றால் கோட்டைத் தடிப்பாக்கும்போதே சுழிக்குள் இருக்கும் வெளியையும் கையால் திறந்துவிட வேண்டும். எழுத்துருவைப் போட்டு, அதன்மேல் தடித்த வெளிக்கோடு கொடுத்து முடித்துவிடுவது இதற்குக் குறுக்குவழி ஆகாது. அது அடைப்பை இன்னும் மோசமாக்கும்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் கி, ரீ போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். பு, து, ழு போன்றவற்றின் வால் கீழே இறங்கும். இரண்டு வரித் தலைப்பை ஆங்கிலத் தலைப்பைப் போல நெருக்கி அடுக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும். அந்த மோதலையே அழகாக்கத் தெரிந்த லெட்டரிங் கலைஞர்கள் உண்டு. வாலை வளைத்துக் கொக்கியோடு கோத்துவிடுவார்கள். அது எழுத்தை வரைகிறவருக்கு முடியும். எழுத்துருவைத் தட்டி வைப்பவருக்கு இடைவெளி விடுவதுதான் வழி.

எழுத்துகளுக்கிடையே இடைவெளியை விரிப்பது இன்னொரு மோகம். நவீனமாகத் தெரியும் என்று நினைத்து விரிக்கிறார்கள். விரித்ததும் 'தோ' என்ற ஓர் எழுத்து இரட்டைக் கொம்பு, த, கால் என மூன்று துண்டாகிவிடுகிறது. நடுவில் நிற்கும் கால் 'ர' போலத் தெரியும். தமிழில் இடைவெளியை விரிப்பதாக இருந்தால் கொம்பையும் காலையும் அதனதன் எழுத்தோடு ஒட்டவைத்துவிட்டு, முழு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் விரிக்க வேண்டும். புள்ளி விஷயமும் அப்படித்தான். புள்ளியைத் தோட்டாத் துளையாகவோ ரத்தத்துளியாகவோ மாற்றுவது பழகிப்போன உத்தி, அதில் குற்றமில்லை. ஆனால் சிறியதாக்கும்போது அந்தத் துளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், பெயரே மாறிவிடும்.

ஐந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் படங்களில் இன்னொரு கேடு நடக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் தமிழ்ப் போஸ்டரையும் சேர்த்தே முடிக்கிறார். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பை 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று மாற்றாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது தவறாகவே படாது. அப்படியே அச்சுக்குப் போய்விடும். பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் செய்யும்போது வேறு சிக்கல்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பு முழுக்கக் கிறுக்கலாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட வேண்டும். கர்வ் ஆக்கிய பிறகு, தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காலம் சார்ந்த கதை என்றால் எழுத்து வடிவமும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978இல் எம்.ஜி.ஆர் அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பரவியது. அதற்கு முன்பு 'லை'க்கு மேலே தும்பிக்கை போல ஒரு சுழி இருந்தது. 1960களில் நடக்கும் படத்தின் போஸ்டரில், கதாநாயகனுக்குப் பின்னால் தெரியும் கடைப் பலகையில் இன்றைய 'லை' எழுதியிருந்தால், கார் மாடலையும் சட்டைக் காலரையும் தேடித்தேடிச் சரிசெய்த உழைப்பு அங்கே வீணாகிறது. பழைய தலைமுறை வாசகர் அதை உடனே கண்டுபிடிப்பார்.

சரி, படத்துக்கு வருவோம்.

மிதக்கும் தலைகள்தான் இங்கே பெரிய நோய். கதாநாயகன் முகம் பெரிதாக, அதற்குக் கீழே நாயகி, வில்லன், நகைச்சுவை நடிகர், அம்மா என்று வரிசையாக ஏழெட்டு முகங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம். ஒருவருக்கு இடப்பக்கம் வெளிச்சம், இன்னொருவருக்கு வலப்பக்கம். எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, மேலே புகையும் நெருப்புப் பொறியும் தூவிவிடுகிறார்கள். முகங்களுக்குள் ஒட்டுறவே இருக்காது.

கையால் பேனர் வரைந்த காலத்திலும் நிறைய முகங்கள் இருந்தன. சென்னை அண்ணா சாலையில் நின்ற பேனர்களில் கூட்டம் கூட்டமாகவே முகங்கள் இருக்கும். ஆனால் அவற்றை ஒரே கை வரைந்தது. ஸ்டில்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் பெரிதாக்கி வரைவார்கள். அப்புறம் வண்ணம்: முகத்தின் ஒளிப் பகுதியில் ரோஸும் மஞ்சளும், நிழலில் நீலமும் பச்சையும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தீற்றல் தீற்றலாக இருக்கும். தூரத்தில் உயிரோடு எழுந்து நிற்கும். எத்தனை முகம் இருந்தாலும் ஒரே ஒளி, ஒரே வண்ணத் தட்டு அவற்றைக் கட்டிப்போட்டது. 2000களில் ஃபிளெக்ஸ் அச்சு அந்தத் தொழிலைத் தள்ளிவிட்டது. அந்தக் கலைஞர்கள் அறிந்திருந்த தூரத்துக் கணக்கும் அதோடு போனது, அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. இன்று புகைப்படங்களை வைத்துச் செய்பவர் போஸ்டருக்கென்றே ஒரு படப்பிடிப்பு கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் முகங்களைக் குறைக்க வேண்டும்.

குறைத்தால் வியாபாரம் ஆகாது என்பார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஹாலிவுட்டில் வரைகலைஞர் சால் பாஸ் 1959இல் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்துக்குச் செய்த போஸ்டரில் எந்த நட்சத்திர முகமும் பெரிதாக இல்லை. காகிதத்தில் வெட்டிய மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும் ஒரு மனித உருவம். கொலை வழக்கு, விசாரணை என்று இரண்டையும் அது ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. போலந்தில் விநியோகம் அரசின் கையில் இருந்ததால் நட்சத்திர முகத்தைக் காட்டும் கட்டாயம் இல்லாமல் ஹென்றிக் தோமாஷெவ்ஸ்கி போன்ற ஓவியர்கள் படத்தின் கருத்தை மட்டும் வரைந்தார்கள். 1948இல் வியன்னாவில் நடந்த சர்வதேசப் போஸ்டர் கண்காட்சியில் தோமாஷெவ்ஸ்கி ஐந்து பரிசுகள் வாங்கினார். நம் நாட்டில் சத்யஜித் ராய் படம் எடுப்பதற்கு முன்பே, 1943 முதல், கொல்கத்தாவில் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராக இருந்தவர். தன் படங்களின் போஸ்டரையும் வங்க எழுத்து வடிவங்களையும் தானே வரைந்தார். இவர்கள் எல்லோரும் ஒரு படத்துக்கு ஒரு கருத்து என்று நின்றவர்கள். உங்கள் படத்தின் கருத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அதற்குப் போஸ்டர் செய்ய இன்னும் நேரம் வரவில்லை. இயக்குநரிடம் திரும்பப் போய்ப் பேசுங்கள்.

கருத்து இல்லாத இடத்தில்தான் களவு நுழைகிறது. வெளிநாட்டுப் போஸ்டர் ஒன்றின் அமைப்பை அப்படியே எடுத்து முகத்தை மட்டும் மாற்றுவது. முன்பு யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். இன்று வெளியான அரைமணி நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுவிடுகிறார்கள். படத்தைப் பற்றிய முதல் பேச்சே திருட்டு என்றாகிவிட்டால் அதை மாற்றுவது கடினம்.

படத்தில் இல்லாத ஒன்றைப் போஸ்டரில் காட்டுவதும் இதே அளவு கெடுதல். 2013இல் 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்துக்கு இத்தாலியில் வந்த போஸ்டர்களில், கதையின் நாயகனான சிவெட்டெல் எஜியோஃபோர் மூலையில் சிறிதாக இருந்தார். படத்தில் சற்று நேரமே வரும் பிராட் பிட் முகம் பெரிதாக நின்றது. கறுப்பின மனிதரின் அடிமை வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. கண்டனம் எழுந்தது, விநியோகித்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். இங்கேயும் இரண்டு காட்சியில் வரும் நட்சத்திரத்தை நடுவில் வைத்து, கதையைச் சுமக்கும் புதுமுகத்தை ஓரத்தில் தள்ளுகிறோம். முதல் காட்சி பார்த்தவர் ஏமாந்து வெளியே வந்தால் அடுத்த காட்சிக்கு அவர் யாரையும் அனுப்ப மாட்டார்.

கீழே வரும் பெயர்ப் பட்டியலைப் பற்றி ஒன்று. ஹாலிவுட் போஸ்டர்களின் அடியில் ஒடுங்கி நீண்ட எழுத்துகளில் பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வந்த வழக்கம் இல்லை. பெயரின் எழுத்து உயரம் தலைப்பின் உயரத்தில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தங்கள் சொல்வதால், உயரத்தைக் கொடுத்து அகலத்தைச் சுருக்கினார்கள். இந்தச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1974இல் வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ' சாட்சி: ஸ்டீவ் மெக்வீன் பெயர் இடப்பக்கம், பால் நியூமன் பெயர் வலப்பக்கம் ஆனால் சற்று மேலே. யார் முதல் என்று இருவருமே சொல்லிக்கொள்ளலாம். அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லாத நம் குறும்படக்காரர்கள் தமிழ் எழுத்துருவை நெடுக்காக இழுத்து அதே தோற்றத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இழுத்த தமிழ் எழுத்தில் சுழிகள் நசுங்கிக் கோடாகிவிடும். வேலை செய்தவர்களின் பெயரை யாராலும் வாசிக்க முடியாது. குறைவான பெயர்கள், இயல்பான அகலம், வாசிக்கும் அளவு. அது போதும்.

அச்சில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கணக்குத் தவறுகள். இன்ஸ்டாகிராமுக்காக 1080க்கு 1350 பிக்சலில் செய்த போஸ்டரை 20க்கு 30 அங்குலத்தில் அடித்துத் தரச் சொன்னால் ஓர் அங்குலத்துக்கு 54 பிக்சலுக்கு மேல் கிடைக்காது. முகம் மங்கிப் போகும். அந்த அளவுக்கு 300 பிக்சல் கணக்கில் 6000க்கு 9000 வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு தேவையில்லை, முழு அளவில் 72 இருந்தாலே போதும். ஆகவே பெரிய கோப்பில் தொடங்கிச் சிறிதாக்குங்கள், தலைகீழாகப் போகாதீர்கள். திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) மின்னும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் அச்சின் நாலு மையில் மங்கிவிடும் என்பதும் தொடக்கத்திலேயே நினைவில் இருக்க வேண்டும். கருப்பும் அப்படித்தான்: பெரிய பரப்புக்குத் தனிக் கருப்பு மை மட்டும் போட்டால் சாம்பலாகத் தெரியும், மற்ற மைகளும் கொஞ்சம் கலக்க வேண்டும். சிறிய எழுத்துக்கு நேர்மாறாகத் தனிக் கருப்பு மட்டுமே. நாலு மையும் கலந்தால் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். இருட்டுக் காட்சிகளை அப்படியே போஸ்டராக்குபவர்கள் அதை நாளிதழ் தாளில் ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும். அங்கே மை ஊறிப் பரவும், நாயகன் முகமே காணாமல் போகும்.

பல தாள்களைச் சேர்த்து ஒட்டும் பல ஷீட் போஸ்டர்களில் இணைப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரவில் ஏணிமேல் நின்று பசை தடவி ஒட்டுபவரால் விளிம்புகளை மிகத் துல்லியமாகச் சேர்க்க முடியாது. கண், மூக்கு, தலைப்பின் சிறு எழுத்து இவை இணைப்பில் வராதபடி அமைத்துத் தருவது வடிவமைப்பவரின் பொறுப்பு.

கடைசியாகச் சட்டம். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி திரைப்படப் போஸ்டரில் புகைபிடிக்கும் காட்சி கூடாது. 2018இல் 'சர்கார்' படத்தின் முதல் பார்வையில் விஜய் சிகரெட்டோடு வந்தார். பொதுச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, தயாரிப்பு நிறுவனம் அந்தப் போஸ்டரைத் தன் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து நீக்கியது. அவ்வளவு பெரிய படத்துக்கே அது நடந்தது. தணிக்கைக் குறியும் இப்போது மாறியிருக்கிறது: 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் யுஏ என்பது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகிவிட்டது. பழைய போஸ்டர் கோப்பிலிருந்து வெறும் யுஏ குறியை நகலெடுத்து ஒட்டாமல், சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் போடுங்கள். குழந்தையோடு டிக்கெட் எடுக்க நிற்பவர் அதைத்தான் தேடுவார்.