சினைப்பை நீர்க்கட்டி உடைந்தால் என்ன செய்வது?

கட்டி உடைந்தாலே ஆபரேஷன்தான் என்று பதற வேண்டாம். சின்னக் கட்டி என்றால் சிந்திய நீரை உடம்பே சில நாட்களில் உறிஞ்சிக்கொள்ளும், வலி மாத்திரையும் ஓய்வும் போதும், ஆனால் அதை ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

ஏனென்றால் ரத்தக் குழாய் கிழிந்திருந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். திடீர்க் கடும் வலியோடு தலைசுற்றல், சில்லென்ற வியர்வை, படபடப்பு, தோள்பட்டை வலி (ஆமாம், தோள்பட்டைதான், கசிந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்துவதால்) வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். காய்ச்சல், வாந்தி என்றாலும் அப்படியே.

அப்புறம், கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், கருக்குழாயில் கரு தங்கி அந்தக் குழாய் வெடித்தாலும் இதே மாதிரி வலிதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.