ஐந்து அடிப் பாடலைக் கொண்டு இலக்கியத் திறனாய்வு கற்பிக்கும் முறை

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு முதன்முறையாகத் தமிழ் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர்களுக்காக இதனை எழுதுகிறேன். பாடலின் பொருளை நாமே சொல்லி முடித்துவிட்டு, அதனை மாணவர்களைக் கொண்டு திரும்ப எழுதச் செய்வதைத் திறனாய்வு என்று கூற இயலாது. பாடலில் உள்ள சொல்லைச் சுட்டிக்காட்டி, அதிலிருந்து தாம் கண்டதைச் சொல்ல அவர்கள் பழக வேண்டும். அதற்குச் சிறிய பாடலே ஏற்றது. நான் புறநானூற்றின் 112ஆம் பாடலைத் தேர்ந்தெடுப்பேன். மூன்று பாடவேளைகள் போதும்.

முதற்படி: வாசிப்பு

பாடலைச் சீர் பிரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

இப்பாடலின் பின்னணியான, பறம்பு மலைத் தலைவன் பாரியின் கதையை இப்போது சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் மாணவர்கள் பாடலை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்வார்கள். நோட்ஸ் புத்தகங்களும் பைக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் ஒருமுறையும் மாணவர் இருவர் ஆளுக்கு ஒருமுறையும் உரக்கப் படித்த பிறகு, ‘அற்றை’ என்றால் அன்றைய, ‘இற்றை’ என்றால் இன்றைய, ‘எந்தை’ என்றால் எம் தந்தை, ‘இலம்’ என்றால் இல்லாதவர்களானோம் என்று சொற்பொருள் மட்டும் தாருங்கள்.

இரண்டாம் படி: மாறியது எது, மாறாதது எது?

குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘அற்றை’ என்றும் வலப்பக்கம் ‘இற்றை’ என்றும் எழுதச் சொல்லுங்கள். இரு பக்கமும் நிலவு இருப்பதைப் பெரும்பாலும் உடனே கண்டுவிடுவார்கள். ‘அவ்’ என்பது ‘இவ்’ என்றானதைத் தவிர அதில் எந்த மாற்றமும் இல்லை. ‘உடையேம்’ இருந்த பக்கத்திற்கு எதிரே ‘இலமே’ நிற்பதையும் குறித்துக்கொள்வார்கள். அதன் பின்னர், “தந்தை, குன்று ஆகிய இரண்டில் முதலில் எது வருகிறது?” என்று கேளுங்கள். முற்பகுதியில் தந்தை முன்னும் குன்று பின்னும் வர, பிற்பகுதியில் குன்று முன்னும் தந்தை பின்னும் வருவதால், தந்தையின் இழப்பு பாடலின் இறுதிச் சொற்களில் வந்து நிற்கிறது. வரிசை ஏன் மாறியது என்ற வினாவுக்கு விடையை நீங்கள் சொல்லாமல் சில நிமிடங்கள் காத்திருங்கள். அந்த அமைதி புதிய ஆசிரியருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். “அழுகை, கண்ணீர் என்ற சொற்கள் எங்கேனும் உள்ளனவா?” என்பதை அடுத்துக் கேட்கலாம்.

மூன்றாம் படி: ஒரு பத்தி எழுதுதல்

“இப்பாடலில் துயரம் எவ்வாறு வெளிப்படுகிறது?” என்பதே வினா. கருத்து, அதற்குச் சான்றாகப் பாடலின் சொல், அச்சொல் கருத்தை எவ்வாறு நிறுவுகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் பத்தியில் இருக்க வேண்டும். “புலவர் துயரத்தை மிக அருமையாகப் பாடியுள்ளார்” என்று ஒரு மாணவர் எழுதினால், சிவப்பு மையால் அடிக்காமல், “எந்தச் சொல்லில்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அவர் பின்வருமாறு எழுதும் நிலைக்கு வர வேண்டும்: “நிலவு மாறாமல் இருப்பதே இழப்பைப் பெரிதாக்குகிறது. ‘அவ்வெண் நிலவின்’, ‘இவ்வெண் நிலவின்’ என்று ஒரே காட்சி மீண்டும் வருவதால், அதன் கீழ் இல்லாமற்போன தந்தையே நம் நினைவுக்கு வருகிறார்.” பெரும்பாலான மாணவர்கள் சான்று வரை வந்து, விளக்கத்தில் தடுமாறுவார்கள், அங்குதான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

நான்காம் படி: பின்னணி அறிந்து திருத்தி எழுதுதல்

கதைக்கு உரிய இடம் இதுவே. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டதையும், அவனை வாளால் வெல்ல முடியாது, ஆடியும் பாடியும் சென்றால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தருவான் என்று கபிலர் 109ஆம் பாடலில் கூறுவதையும், இறுதியில் அவன் வஞ்சனையால் கொல்லப்பட்டான் என்ற மரபுச் செய்தியையும் சொல்லுங்கள். 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது என்பதையும், அதன் துறை, அதாவது பாடுபொருள் வகை, இறந்தவரை எண்ணி வருந்திப் பாடும் கையறுநிலை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பிறகு நான்காம் அடியை மட்டும் மறுபடி படிக்கச் செய்து, அவ்வாறு வென்றவர்களை ‘வென்று எறி முரசின் வேந்தர்’ என்று அம்மகளிர் அழைப்பது புகழ்ச்சியா எனக் கேளுங்கள். அதில் இகழ்ச்சிக் குறிப்பு இருப்பதை உணரும் மாணவர், நேற்று எழுதிய பத்தியில் துயரத்தோடு சினத்தையும் சேர்க்க இடம் தேடுவார். அந்தத் திருத்திய பத்திக்கே மதிப்பெண் வழங்குங்கள்.