பொய்யாகத் திரும்பலாம், பொய்யாகக் கத்தக் கூடாது

லேசர் என்ற ஒற்றையாள் பாய்மரப் படகுப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் உங்கள் காற்றை மறைத்துக்கொண்டே, நீங்கள் டேக் அடிக்கும்போதெல்லாம் (படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுபோய் மறுபக்கம் திருப்பும்போதெல்லாம்) தானும் அடிக்கிறாரா? அவரைக் கழற்றிவிடப் பொய் டேக் ஒன்று போதும்.

உடம்பை உள்ளே கொண்டுவந்து டில்லரை, அதாவது சுக்கான் பிடியைத் தள்ளுங்கள். மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், பாய் படபடக்கும். அவர் தோளுக்கு மேல் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் படகு மறுபக்கம் சாய்ந்ததும் டில்லரை இழுத்து, பழைய போக்குக்கே வந்து, வெளியே சாய்ந்து உட்காருங்கள். உங்கள் மூக்கு மட்டும் நேர்க்காற்றைத் தாண்டவே கூடாது. தாண்டினால் நிஜ டேக் ஆகிவிடும். அப்படி ஆனால், பாய் சரியாகக் காற்றுப் பிடிக்கும் கோணத்துக்கு வரும்வரை நீங்கள்தான் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். காற்று குறைவான நாளில் முயலாதீர்கள். 59 கிலோ படகு, நின்றால் நின்றதுதான்.

இதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி. ஆனால் காற்று இடப்பக்கம் வரும் போர்ட் டேக்கில் இருந்துகொண்டு, தெரிந்தே ‘ஸ்டார்போர்ட்!’ (எனக்குக் காற்று வலப்பக்கம், வழியுரிமை எனக்கே) என்று கத்துவது, நேர்மையாக ஓட்டச் சொல்லும் விதி 2-க்கு எதிரான ஏமாற்று.

அதைவிட மோசமான கூச்சல் ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகம் பக்கம் நான் ஓட்டிய முதல் வருடம், எனக்குக் கீழ்க்காற்றில் வந்தவர் ‘ரூம் டு டேக்!’ என்று கூவினார். எதிரே தடை நெருங்கிவிட்டது, டேக் அடிக்க இடம் விடு என்று அர்த்தம். அலைத்தடுப்புச் சுவர் இன்னும் வெகு தூரம். ஆனாலும் திரும்பினேன், நாலு இடம் போச்சு. திரும்பியது சரிதான், கூவியது தவறாக இருந்தாலும் கேட்டவர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். நான் விட்டது அடுத்த வேலையை: உடனே ‘புரொட்டஸ்ட்!’ (அவர் விதி மீறினார் என்று முறையிடுகிறேன்) என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். 6 மீட்டருக்குக் குறைவான படகு என்பதால் சிவப்புக் கொடிகூடத் தேவையில்லை. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒருவரைக் குறிவைத்துப் பின்னுக்குத் தள்ளலாமா? உங்கள் சொந்தப் புள்ளிக்காக, விதிக்குள் நின்று, தாராளமாக. 2000 சிட்னி ஒலிம்பிக்கின் கடைசிப் பந்தயத்தில் பிரிட்டனின் பென் எய்ன்ஸ்லி, பிரேசிலின் ராபர்ட் ஷைட்டை அப்படித்தான் மடக்கித் தங்கம் வாங்கினார். 1996 ஒலிம்பிக்கில் கதை வேறு: கடைசிப் பந்தயத்தில் இருவரும் தொடக்கக் கோட்டினை நேரத்துக்கு முன்பே தாண்டித் தகுதி இழந்தார்கள், புள்ளியில் முன்னே இருந்த ஷைட்டுக்குத் தங்கம். அவர் வேண்டுமென்றே எய்ன்ஸ்லியை அதில் இழுத்துவிட்டார் என்பார்கள். ஆனால் நண்பனை ஜெயிக்கவைக்க இன்னொருவரை மறித்தால், அது விதிமீறல்.

தவறு உங்கள் மேல் என்றால் விவாதம் வேண்டாம். சட்டென்று மற்றவர்களை விட்டு விலகி இரண்டு சுற்று, அதாவது ஒரே திசையில் இரண்டு டேக், இரண்டு ஜைப் (காற்றுக்குப் பின்பக்கம் காட்டித் திரும்புவது). மார்க்கை, அதாவது சுற்றிவர வேண்டிய மிதவையை மட்டும் தொட்டிருந்தால் ஒரு சுற்று. கரையில் இதைப் பழகிவிட முடியாது. ஆளில்லாத காலை வேளையில் பத்துத் தடவையாவது சுற்றிப் பாருங்கள்.